யானை வயிற்றுப் படங்கள்

"'ஆறாத சூளை' படம் இருக்குதா தம்பி?"

அந்த ஆள் திரும்பத் திரும்ப அதையே கேட்டதும், மஃப்டி போலீஸோ என்று பக்கிரி அவரை ஏற இறங்கப் பார்த்தான். ஒட்ட வெட்டிய முடி, கசங்காத வெள்ளைச் சட்டை, கக்கத்தில் தோல் பை. எதிர் டீக்கடையில் நின்று வெகுநேரம் இந்தக் கடையையே நோட்டம் விட்டுவிட்டு வந்திருக்கிறார் வேறு.

"இங்க செல்லு ரிப்பேரு, ரீசார்ஜு மட்டுந்தான் சார். படமெல்லாம் ஏத்தறதில்ல" என்றான் பக்கிரி.

முழுப் பொய். விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் பாதிப் பேர் அவனிடம்தான் பென் டிரைவில் புதுப் படம் ஏற்றிக்கொண்டு போவார்கள். எல்லாம் ஒரு திருட்டு வெப்சைட்டின் புண்ணியம். கோர்ட் தடை போட்டால் அது மறுநாளே பெயரை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடும்.

பக்கிரியால் அப்படி மாற்றிக்கொள்ள முடியவில்லை. போன வருஷம் காப்பிரைட் கேஸில் சிக்கி, உள்ளே போய்விட்டு வந்தான். இன்னொரு தடவை மாட்டினால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று மனைவி பூங்கோதை சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னால் செய்கிறவள்.

"பயப்படாதீங்க. அந்தப் படம் சைட்டுல வந்துடுச்சாம். நீங்க எறக்கி வச்சிருப்பீங்கன்னு சொன்னாங்க."

"யாரு சார் சொன்னது?"

"ஊரே சொல்லுது" என்று அவர் சிரித்தார். "எத்தன பேரு ஏத்திக்கிட்டுப் போனாங்க? ஒரு பத்து பேராவது இருக்குமா?"

தியேட்டரில் வந்த சுவடே தெரியாமல் போன படம் அது. அதைப் போய் இவர் எதற்கு இப்படித் துருவ வேண்டும்? ஆள் கணக்கு வேறு கேட்கிறார். கேஸை ஜோடிக்கத்தான் என்று பக்கிரிக்கு நிச்சயமாகிவிட்டது.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார். பக்கத்துக் கடையில கேட்டுப் பாருங்க."

அவர் நகரவில்லை. அவர் கை, மேஜைமேல் இருந்த பீங்கான் யானையைத் தூக்கியது. பக்கிரிக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஏற்றித் தருகிற படங்கள் அத்தனையும் இருக்கும் பென் டிரைவ், அந்த யானையின் வயிற்றுக்குள்தான் இருந்தது. அடியில் இருந்த ஓட்டையைக் காகிதம் திணித்து அடைத்து வைத்திருந்தான்.

அவர் யானையைக் காதருகே கொண்டுபோய், பீங்கான் சூளையில் விரிசல் பார்ப்பவர்கள் தட்டுவது போலவே விரல் முட்டியால் மெல்லத் தட்டினார். இதையெல்லாமா போலீஸ் டிரெய்னிங்கில் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று பக்கிரி பதறினான்.

"சத்தம் சரியில்லியே தம்பி. உள்ள என்னமோ கெடக்குது."

அவ்வளவுதான். பக்கிரி இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுவிட்டான்.

"சார், புள்ளகுட்டிக்காரன் சார், வுட்டுடுங்க. மத்த படமெல்லாம் இருக்குது, ஒத்துக்கறேன். நீங்க கேக்கறது மட்டும் சத்தியமா இல்ல. எறக்குனது நெசந்தான். ஒருத்தருகூட கேக்கல. சும்மா ஏத்தித் தரேன்னாலும் வாணாம்னுட்டாங்க. எடத்த அடைக்குதேன்னு அழிச்சிட்டேன் சார்!"

"ஒருத்தருகூடவா?"

"நானே பாதியில தூங்கிட்டேன் சார்."

அவர் யானையை எடுத்த இடத்திலேயே வைத்தார். முகம் சுண்டிப் போயிருந்தது. பிறகு தோல் பைக்குள் கையை விட்டார்.

கைவிலங்குதான் வரப்போகிறது என்று பக்கிரி கண்ணை இறுக மூடிக்கொண்டான். பூங்கோதை துணிமணியை மூட்டை கட்டுவது அப்படியே கண்ணுக்குள் தெரிந்தது.

மேஜைமேல் டொக்கென்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்து பார்த்தால், புத்தம் புதிய பென் டிரைவ் ஒன்று.

"இதுல நல்ல பிரிண்ட்டு இருக்குது. மத்த படம் கேட்டு வர்றவங்களுக்கு, கூடவே இதையும் ஏத்தி வுட்டுடுங்க. யாராச்சும் பாக்கட்டும்."

பக்கிரி அதைத் தொடவில்லை. இதுவும் ஒரு பொறியாகத்தான் இருக்கும் என்று பின்னால் நகர்ந்தான்.

"வாணாம் சார். அந்தப் படக்காரங்க கேஸு போட்டாங்கன்னா எங்குடும்பமே நடுத்தெருவுக்கு வந்துடும்."

அவர் பென் டிரைவை அவன் பக்கமாகத் தள்ளினார்.

"யாரு தம்பி கேஸு போடறது? சூளைய வித்து அந்தப் படத்த எடுத்ததே நான்தான்."