நடுவில் இருந்த இடைவெளி

இங்கிலாந்தில் ஒரு சிவப்புக் காருக்குத் தன் நம்பர் பிளேட்டைப் பிடிக்கவேயில்லை. "மொத்தமே ஆறு எழுத்து. அதுக்கு இவ்வளவு நீளமா? பெரியப்பா சட்டையைப் போட்டுக்கிட்ட மாதிரி இருக்கு" என்று தினமும் புலம்பியது.

"ரெண்டு பக்கமும் சும்மா கிடக்கிற ஓரத்தை வெட்டிக்கோ, சட்டமே ஒத்துக்குது" என்றது பிளேட். "ஆனா எழுத்துக்கு நடுவுல இருக்கிற இடைவெளியில மட்டும் கை வைக்காதே. அதுக்குன்னு ஒரு அளவு இருக்கு."

கார் ஓரத்தை வெட்டிக்கொண்டது. அழகாகத்தான் இருந்தது. ஆனாலும் ஆசை விடவில்லை. ஒரு வாரத்தில் அந்தப் பிளேட்டையே கழற்றி வாசல் குப்பைத் தொட்டியில் எறிந்துவிட்டு, எழுத்துகள் நெருக்கியடித்து நிற்கும் குட்டிப் பிளேட்டை மாட்டிக்கொண்டது.

அடுத்த நாள் மத்தியானம் ஒரு திருடன் காரைக் கிளப்பிக்கொண்டு போனான். நெடுஞ்சாலைக் கேமராவைக் கண்டதும் காருக்கு உயிர் வந்தது.

"அண்ணே, என்னைத் திருடிட்டுப் போறான்! என் நம்பரைப் படிங்க!"

கேமரா கண்ணைச் சுருக்கிப் பார்த்தது. "எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கிடக்கே, தம்பி. ஒரு சிவப்புக் காரைத்தான் தேடச் சொல்லியிருக்காங்க. அது நீதானா?"

"நான்தான் அண்ணே, நான்தான்!"

"நீ சொல்லி என்னப்பா பண்றது? நான் படிச்சாத்தானே போலீசுக்குப் போகும்" என்றது கேமரா, வருத்தத்தோடு.

கார் அதைக் கடந்து போய்விட்டது. வீட்டு வாசல் குப்பைத் தொட்டியில், போகிற வருகிறவர்களுக்கெல்லாம் அந்த ஆறு எழுத்தும் பளிச்சென்று தெரிந்துகொண்டிருந்தன.