அடுக்களை வரை சிக்னல்

வயர்லெஸ் சிக்னலில் துடிக்கும் செயற்கை இதயத்தோடு ரூபன் ஒரு வருஷமாக மருத்துவமனையில் கிடந்தான். வீட்டைக் கணினியில் மாதிரியாக வரைந்து பார்த்து, அதில் சிக்னல் எங்கும் அறுபடாவிட்டால்தான் டாக்டர்கள் அவனை வீட்டுக்கு அனுப்புவார்களாம்.

மனைவி ஜெசிந்தா சுவர், ஜன்னல், சாமான் எல்லாவற்றையும் அளந்து மாதிரியில் ஏற்றினாள். மாதிரியைப் பதினொரு முறை ஓட்டிப் பார்த்தும் அடுக்களை வாசலில் சிக்னல் அறுந்தது. கடைசியில் தன் இரும்பு பீரோவை மாதிரியிலிருந்து நீக்கினாள். அறுபடவே இல்லை!

உடனே போன் செய்தாள். "பீரோவக் குடுத்துடறேன். நீங்க வரலாங்க."

"உங்கம்மா சீராக் குடுத்ததாச்சே?"

"போனாப் போகுது."

வெள்ளிக்கிழமை ரூபன் வீடு வந்தான். மெல்ல நடந்து அடுக்களைக்குள் கால் வைத்தான். ஜெசிந்தா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் குழம்பைக் கரண்டியில் எடுத்து ருசி பார்த்து, "உப்பு பத்தல" என்றான்.

"இன்னும் ஏதாவது சொல்லுங்க" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.