ரிம்மா, டிஸ்க்கா

“உங்க வெயிட்டுக்கு ரிம் பிரேக்கே போதும் மேடம்,” என்றார் கடைக்காரர் ஆண்ட்ரூ. “டிஸ்க்னா ஆயில் மாத்தணும், பேட் மாத்தணும். சும்மா பேஜார்.”

பெங்களூரு குக் டவுனில், இறக்கமான ஒரு தெருவின் உச்சியில் இருந்தது அவருடைய சைக்கிள் கடை.

வாசலில் இரண்டு சைக்கிள்களைச் சாய்த்து வைத்திருந்தார். ஒன்றில் சக்கரத்தின் விளிம்பை இரண்டு ரப்பர் கட்டைகள் கவ்விப் பிடிக்கும். கையின் பலம்தான் பிரேக். மற்றதில் சக்கரத்தின் நடுவே ஒரு வட்டத் தகடு. எண்ணெயின் அழுத்தம் அதைப் பிடித்து நிறுத்திவிடும். ஒற்றை விரலால் லீவரைத் தொட்டாலே போதும்.

ரூபினி இரண்டாவதன் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

“எனக்கு டிஸ்க்தான் வேணும். மழையில ரிம் வழுக்கும்.”

“மழைன்னா நீங்க வெளியவே வர மாட்டீங்களே,” என்று சிரித்தார் ஆண்ட்ரூ.

அவளுடைய பழைய சைக்கிளை விற்றதும் அவர்தான். அதில் ரிம் பிரேக். அதை வைத்துக்கொண்டுதான் நந்தி மலையில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் ஏறி இறங்கியிருக்கிறாள். இப்போது மட்டும் என்ன பயம் என்று அவர் கேட்கவில்லை. கேட்டுவிடுவாரோ என்று இருந்தது.

அவள் கணவன் பாலகுமார் பக்கத்தில் நின்றிருந்தான். டிசம்பரில் இருவரும் சைக்கிளிலேயே ஊட்டிக்குப் போவதாகத் திட்டம். அதற்காகத்தான் எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஊரையே கடந்து இந்தக் கடைக்கு வந்திருந்தார்கள்.

“முதல்ல இதை ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க. அப்புறம் சொல்லுங்க.” ரிம் பிரேக் வண்டியை அவள் பக்கம் நகர்த்தினார் ஆண்ட்ரூ.

“பிடிக்கலன்னா விடு ரூபி,” என்றான் பாலகுமார்.

அந்தக் குரலில் இருந்த அக்கறைதான் அவளை உசுப்பியது.

“ஏன், ஓட்டறேனே.”

ஹெல்மெட்டின் கொக்கி முதல் தடவை மாட்டவில்லை. இரண்டாம் தடவையும் மாட்டவில்லை. ‘டக்’கென்று சத்தம் கேட்கும்வரை இருவருக்கும் முதுகைக் காட்டி நின்றாள்.

திரும்பியபோது பாலகுமார் போனைக் காதில் வைத்தபடி இறக்கத்தில் நடந்துபோய்க்கொண்டிருந்தான். தெரு மெயின் ரோட்டைத் தொடுகிற முனையில் போய் நின்றுகொண்டான்.

அங்கிருந்து பார்த்தால் அவள் பிரேக் பிடிப்பதெல்லாம் தெரியும். வேறு நேரத்தில் பேசக் கூடாதா என்று எரிச்சலாக வந்தது.

மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு நரம்பு மருத்துவர் அவளுடைய இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல்களின் பிடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் என்றார். அவள் அதைப் பாலகுமாரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஊட்டி நின்றுபோகும். அதோடு நிற்காது. கத்தி, குக்கர், கார்ச் சாவி என்று ஒவ்வொன்றாக, அன்பாகவே, அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டுவிடுவான்.

அதோடு, சில வாரங்களாகக் கை பரவாயில்லை என்றே அவளுக்குத் தோன்றியது.

ஏறி உட்கார்ந்தாள். பெடலை மிதிக்க வேண்டியே இருக்கவில்லை. வண்டி தானாக இறங்கியது.

பாதித் தெருவில் பிரேக்கைப் பிடித்தாள். வேகம் தணிந்தது. நிற்கவில்லை.

இன்னும் அழுத்தினாள். அழுத்துகிறோம் என்றுதான் நினைத்தாள். விரல்கள் லீவரின் மேல் சும்மா கிடந்தன.

ரப்பர் கட்டைகள் கீச்சிட்டன. சுண்டுவிரல் நழுவியது. மோதிர விரலும் நழுவியது. கீச்சொலி ஓய்ந்துவிட்டது.

கீழே மெயின் ரோட்டில் ஒரு பஸ் முனையை நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு காலைக் கீழே விட்டுத் தரையில் தேய்த்தாள். ஷூ வழுக்கிக்கொண்டே போனது.

கைப்பிடி சட்டென்று நின்றது.

பாலகுமார் இரண்டு கைகளாலும் அதைப் பற்றியிருந்தான். வண்டி அவனைப் பின்னுக்குத் தள்ளியது. தெரு விளிம்பில் கால் ஊன்றி நின்றான். அவன் முதுகை உரசுகிற மாதிரி பஸ் போனது.

போன் அவன் சட்டைப் பைக்குள் இருந்தது. அதை எப்போதோ உள்ளே வைத்துவிட்டு, கைகளைக் காலியாக வைத்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

இருவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறினார்கள்.

“எப்படி இருந்தது மேடம்?” என்றார் ஆண்ட்ரூ.

பாலகுமார் முந்திக்கொண்டான். “டிஸ்க்கே குடுங்க. கியரும் அந்த பேட்டரி கியர் இருக்கே, பட்டனை லேசாத் தொட்டா மாறுமே, அதையே போட்டுடுங்க.”

ஆண்ட்ரூ உள்ளே போகும்வரை அவள் காத்திருந்தாள்.

“எப்பலேர்ந்து தெரியும்?”

“ஒரு நாள் ஊறுகாய் பாட்டில்ல துணியைச் சுத்திப் பார்த்துட்டு, தொறக்காமயே திரும்ப வச்சியே. அப்பலேர்ந்து.” அவன் அவளைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துச் சொன்னான். “நீயா சொல்லட்டும்னு இருந்தேன். வீட்டுல எல்லா மூடியையும் நான் முன்னாடியே லூஸ் பண்ணி வச்சிடுவேன். கடைசிச் சுத்து மட்டும் உனக்கு.”



காப்பித்தூள் டப்பா, தேன் பாட்டில், ஆபீசுக்கு எடுத்துப்போகும் தண்ணீர் பாட்டில். சில வாரங்களாக எல்லாமே தொட்டதும் திறந்துகொண்டிருந்தன.

கை தேறிவிட்டது என்று நம்பித்தான், மருத்துவர் கொடுத்த மாத்திரைகளை அவள் நிறுத்தியிருந்தாள்.