வெள்ளி மை

ஆபித்தின் தூரிகை ஓடுகிறது; மேசைக்கடியில் குதிகால் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. லான்மடாவ் பேட்டை அச்சகத்தில் மின்சாரம் போய், தெருவெல்லாம் ஜெனரேட்டர் உறுமல். தணிக்கையிலிருந்து திரும்பி வந்த பர்மிய மாத இதழ்கள் மேசை நிறையக் கிடக்கின்றன. முப்பத்தேழாம் பக்கத்தில், டாக்டருக்கு ஒரு வாசகர் எழுதிய கேள்வியைப் பிரதிக்குப் பிரதி வெள்ளி மையால் மறைத்தாக வேண்டும். ஆணை விரும்பும் ஓர் ஆணின் கேள்வி. பெயர் போடாமல் அதை எழுதி அனுப்பியவன் ஆபித்தான் என்பது இங்கே யாருக்கும் தெரியாது. ஈர மையில் ஜன்னல் வெயில் பட்டு அவன் கண் கூசுகிறது. முதலாளி அப்துல் பாரி வந்து ஒரு தாளைப் புரட்டுகிறார். டாக்டரின் பதில் மறுபக்கத்தில் அப்படியே இருக்கிறது: "இது நோயல்ல. நீங்கள் தனியாளுமல்ல." ஆபித்தின் குதிகால் நின்றுவிடுகிறது. "பாரி காக்கா, இதையும் பூசணுமா?" பாரி வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு தணிக்கை அதிகாரியின் உத்தரவை எழுத்தெழுத்தாகப் படிக்கிறார். "முப்பத்தேழுன்னுதான் போட்டிருக்கான். அவன் சொல்லாததுல நமக்கென்ன வேலை?" வாசல்வரை போனவர், திரும்பிப் பார்க்காமலே சொல்கிறார்: "அழுத்திப் பூசாதேப்பா. பின்பக்கம் ஊறிடப் போகுது."