முப்பத்தெட்டு புள்ளி இரண்டு

"முப்பத்தெட்டு புள்ளி ரெண்டு. நீ வீட்டுக்குப் போம்மா" என்றார் வாட்ச்மேன் லெமாயன்.

வேறு யாருக்கோ சொன்னது போலிருந்தது குவாம்போக்காவுக்கு. நைவாஷா ஏரியிலிருந்து ஏறி வந்த பனி, ரோஜாப் பண்ணையின் கேட்டை மூடியிருந்தது. வரிசையில் நின்றவர்களுக்குக் கால்களே இல்லை. முகக்கவசங்களுக்கு மேலே கண்கள் மட்டும் மிதந்தன.

"எனக்குக் காய்ச்சல் இல்லண்ணே. இன்னொரு தடவை பாருங்க."

காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கியை மறுபடி அவள் நெற்றிக்கு நேரே பிடித்தார். "அதேதான். முப்பத்தேழரையத் தாண்டினா விடக் கூடாது. ரெண்டு வாரம் கழிச்சு வா."

பின்னால் நின்ற நேகேசா சிரித்தாள். ஒரே மேஜையில் எதிரெதிரே நின்று ரோஜா தரம் பிரிப்பவர்கள் இருவரும். "டீக்காசு குடுத்திருக்கணும்டி. குடுத்திருந்தா உடம்பு தானா குளுந்திருக்கும்."

நேகேசாவுக்கு முப்பத்தாறு புள்ளி நாலு. அவள் பனிக்குள் நடந்து மறைந்தாள்.

பூ ஏற்றிப் போகும் விமானங்கள் பாதிக்கு மேல் நின்ற நாளிலிருந்து பண்ணையில் பாதிப் பேர் வீட்டில் இருந்தார்கள். மீதிப் பேரின் பெயரும் வேலைப் பட்டியலிலிருந்து வாரத்துக்கு ஒன்று இரண்டாக உதிர்ந்துகொண்டிருந்தது. குவாம்போக்காவுக்கு ஐந்தாம் மாதம். தொளதொள ஏப்ரனுக்குள் யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைத்திருந்தாள். குழந்தை பிறக்கும்வரை பட்டியலில் பெயர் இருந்தால் மூன்று மாதம் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு. அதற்கு முன்னால் பெயர் போனால் ஒன்றுமில்லை.

சாலையோரம் நடந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம், விற்காத ரோஜாக்களைக் கொட்டிக் கொட்டி ஒரு குன்றே எழும்பியிருந்தது. பனியில் அதன் சிவப்பு மட்டும் தெரிந்தது, தூக்கத்தில் மூடிய இமைக்குள் தெரியும் சிவப்பு மாதிரி. அதைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் நின்றாளோ, தெரியவில்லை. பிறகு நேராக அரசு மருந்தகத்துக்குப் போனாள்.

"முப்பத்தாறு புள்ளி ஆறு" என்றாள் நர்ஸ். "யாரு உனக்குக் காய்ச்சல்னது?"

"கேட்டுல."

"அந்த ஆளுக்கு முதல்ல கண்ணு பாக்கணும். எழுதித் தரேன், கொண்டு போய்க் காட்டு."

அவள் திரும்பி வந்தபோது வரிசை கரைந்து போயிருந்தது. லெமாயன் தனியாக உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். அவர் முன்னால் சீட்டை நீட்டினாள்.

"இதை மேனேஜர்கிட்ட காட்டப் போறேன். யாரு வீட்டுக்குப் போறாங்கன்னு பாப்போம்."

அவர் சீட்டை மெதுவாகப் படித்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"எத்தனையாவது மாசம்?"

குவாம்போக்காவின் கை தானாக வயிற்றுக்குப் போயிற்று.

"ரெண்டு மாசமா பாத்துட்டுதான் இருக்கேன். குழாயடியில வாந்தி எடுத்து, வாயக் கொப்புளிச்சு, ஒண்ணும் நடக்காத மாதிரி வரிசையில வந்து நிப்பே. என் வீட்டுக்காரி ஆறு பெத்தவ. எனக்குத் தெரியாதா?"

"அதுக்காக வேலையக் கெடுப்பீங்களா?"

"உன் மேஜையில மூணு பேருக்கு மருந்து தெளிச்ச நெடிகூட மூக்குல ஏறலையாம். நோய் வந்தாச்சு, தெரியுமா உனக்கு? ஆபீஸ்ல போய்ச் சொன்னேன். இந்த ஆர்டர் போகட்டும், அப்புறம் பாக்கலாம்னாங்க."

அவள் முகக்கவசத்தை மூக்குக்கு மேலே இழுத்து விட்டுக்கொண்டாள்.

"நீயா வராம நின்னா சம்பளம் கிடையாது, பேரையும் அடிச்சிடுவாங்க. காய்ச்சல்னு நோட்டுல ஏறினா ரெண்டு வாரம் சம்பளத்தோட லீவு. அதுவரைக்கும் பேரைத் தொட முடியாது. சங்கத்து ஒப்பந்தம் அது. போய்ப் படுத்துத் தூங்கு."

"மெஷின் ஒண்ணு காட்டும், நீங்க ஒண்ணு சொல்வீங்க. அப்படித்தானே?"

லெமாயன் துப்பாக்கியைத் திருப்பி அவளிடம் நீட்டினார். எண் தெரிய வேண்டிய கண்ணாடியில் எதுவுமில்லை. வெளியே கலைந்துகொண்டிருந்த பனியின் வெண்மை மட்டும் அதில் அசைந்தது. அவள் விசையை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள்.

"பேட்டரி தீர்ந்து மூணு வாரமாச்சு" என்றார் அவர். "புதுசு கேட்டேன். எல்லாருக்கும் முப்பத்தாறுன்னு எழுதிட்டே இரு, பூ வாங்கறவங்க நோட்டத்தான் பாப்பாங்கன்னாங்க."

பண்ணைக்குள்ளே எங்கேயோ பெண்கள் பேசிச் சிரிப்பது நீருக்கு அடியிலிருந்து வருவது போலக் கேட்டது. யாரோ இருமினார்கள்.

"அப்ப நேகேசா? மத்தவங்க?"

அவர் தலை நிமிரவில்லை. நோட்டில் அவள் பெயருக்கு நேரே முப்பத்தெட்டு புள்ளி இரண்டு என்று எழுதி முடித்தார்.

"ஒரு நாளைக்கு ஒருத்தருக்குத்தான் என்னால காய்ச்சல் எழுத முடியும், தங்கச்சி. ரெண்டு எழுதினா, நாளைக்கு இந்தக் கேட்டுல வேற ஆள் நிப்பான்."