கவிழாத வண்டி

சிமென்ட் குடோன் ஒன்றில் மூட்டைகளைத் தூக்கி அடுக்கும் ஒரு ஃபோர்க்லிஃப்ட் வண்டி வேலை செய்தது. அது சாய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள, புதிதாக ஒரு சென்சாரைப் பொருத்தினார்கள்.

மறுநாள் ஃபோர்க்லிஃப்ட் மூட்டைகளை உயரத் தூக்கியபடியே வேகமாகத் திரும்பியது. சட்டென்று அதன் வேகம் தானாகக் குறைந்தது.

"எனக்கு என்ன ஆச்சு? உடம்புக்கு ஏதாச்சுமா?" என்று பதறியது.

"நான்தான் பிடிச்சேன். நீ கவிழப் பார்த்தே" என்றது சென்சார்.

"நான் கவிழவே இல்லையே!"

"நான் பிடிச்சதாலதான் கவிழல."

"நீ பிடிக்காட்டியும் கவிழ்ந்திருக்க மாட்டேன்."

சென்சார் திகைத்தது. நடக்காத விபத்தை எப்படிக் காட்டுவது? வீணாகத்தான் பிடித்தோமோ என்று அதற்கே சந்தேகம் வந்துவிட்டது.

இரண்டும் பின்சக்கரத்திடம் கேட்டன.

"எனக்கும் ஒண்ணும் புரியலப்பா" என்றது சக்கரம். "திரும்பும்போது ஒரு நொடி எனக்குக் கீழே தரையைக் காணோம். அப்புறம் வந்துடுச்சு. அது எங்கே போயிருந்துச்சு?"

ஃபோர்க்லிஃப்ட் மூட்டைகளைத் தாழ இறக்கிக்கொண்டு, ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த சுமைதூக்கிகளைத் தாண்டி மெல்ல நகர்ந்தது.