டிஷ்ஷைக் கழட்ட வந்தவன்

“இதுல கை வைக்காதீக தம்பி! செத்துப்போன எங்க வீட்டுக்காரர் ஆசையா வச்ச டிஷ்ஷு இது” என்று முத்துப்பேச்சி குறுக்கே வந்து நின்றாள்.

எங்கே செத்தார்? மனுசன் அந்நேரம் திருத்தங்கல் பிரஸ்ஸில் குத்துக்கல்லாட்டம் நின்று காலண்டர் அடித்துக்கொண்டிருந்தார். அவசரத்துக்கு வாயில் வந்த பொய்யில் புருசனையே காவு கொடுத்துவிட்டாள்.

வந்தவன் பெயர் இன்பராஜ். முப்பது வயசிருக்கும். தோளில் ஏணி, கையில் இரும்பு அறுக்கிற கட்டிங் மெஷின்.

“என்னக்கா சொல்றீக? வீட்டு ஓனர் அய்யாதுரை அண்ணாச்சி கேபிள் நடத்துனப்ப வச்சதுன்னுல்ல சொல்லி, கழட்டிட்டு வரச் சொன்னாக? இப்பத்தான் வீட்டுக்கு வீடு குட்டி டிஷ் வந்துருச்சே. இந்தப் பத்தடி டிஷ்ஷை வச்சு என்ன செய்யப் போறீக, தண்ணி ஊத்திக் குளிக்கவா?”

முத்துப்பேச்சிக்குச் சிரிப்பா வரும்? டிஷ் நின்ற சிமெண்டுத் திண்டை ஒட்டித்தான் குழி தோண்டி, ரெண்டு கேன் பட்டாசு மருந்தை இறக்கி, பலகை போட்டு, மேலே காய்ந்த தென்னமட்டையைப் பரப்பி வைத்திருந்தாள். தீபாவளி சீசன். லைசென்சும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வீட்டுக்குள்ளேயே வெடி சுற்றிக் கொடுக்கிற திருட்டு வேலை.

திங்கட்கிழமைதான் ஜீப்பில் ஒரு பொம்பளை ஆபீசர் வந்து, அரிசிப் பானை முதற்கொண்டு கவிழ்த்துப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு போனார். கொல்லையில் கிடக்கும் துருப்பிடித்த டிஷ்ஷை யாரும் ஏறெடுத்துக்கூடப் பார்க்கவில்லை.

இன்பராஜ் சுத்தியலால் போல்ட்டை நங்கென்று தட்டினான். துருப்பொடி தென்னமட்டை மேல் கொட்டியது.

“இது ஸ்பானருக்கெல்லாம் அசையாதுக்கா. அறுத்துத்தான் எடுக்கணும்.”

“அறுத்தா பொறி பறக்குமே தம்பி!”

“பறந்தாப் பறந்துட்டுப் போகுது. இங்கன என்ன வெடிக்கடையா வச்சிருக்கீக?”

“அதில்ல... மக தலைப்பிரசவத்துக்கு வந்து படுத்திருக்கா. இன்னைக்கோ நாளைக்கோன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காக. சத்தம் ஆகாதுய்யா.”

“அஞ்சு நிமிச வேலைக்கா.”

“கரண்டும் இல்லையே.”

“உள்ள ஃபேன் சத்தம் கேக்குதே, அது காத்துலயா சுத்துது?”

விடாக்கண்டன்! சுருட்டி ரப்பர் போட்ட ஒயரைப் பிரிக்காமலே மெஷினைத் தென்னமட்டை மேல் வைத்துவிட்டு, கறுப்புக் கண்ணாடியை எடுத்து நிதானமாக மாட்டிக்கொண்டான்.

முத்துப்பேச்சி உள்ளே ஓடி மகளை உலுக்கினாள். “ஏ வேல்விழி, எந்திரி! அடுத்த தெரு சொர்ணலட்சுமி அக்கா வீட்டுல போய்ப் படு.”

“போம்மா, இடுப்பெல்லாம் வலிக்கி. என்னால ஒரு எட்டு வைக்க முடியாது.” மகள் கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

திரும்ப ஓடி வந்தால், அவன் மெஷினைத் தூக்கிப் போல்ட்டுக்கு நேராகப் பிடித்திருந்தான். அவள் கண்ணுக்கு அந்த வட்டப் பிளேடு ஒன்றுதான் தெரிந்தது.

சொன்னால் ஜெயில். மகள் வலி வந்து கதறும்போது பக்கத்தில் அம்மா இருக்க மாட்டாள். பிள்ளையை முதலில் கையில் வாங்க வேண்டியவள் கம்பி எண்ணிக்கொண்டிருப்பாள். சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளை பிறக்கவே பிறக்காது.

“நிறுத்துலே!” என்று பாய்ந்து அவன் கையைப் பிடித்துத் தொங்கிவிட்டாள். “கீழ மருந்து இருக்குய்யா! ரெண்டு கேனு. இந்தா, இந்த மட்டைக்கு அடியில. ஒரு பொறி விழுந்தாப் போதும், நீயும் இருக்க மாட்டே, நாங்களும் இருக்க மாட்டோம்.”

இன்பராஜ் முகம் வெளுத்துவிட்டது. மெஷினைத் தூரமாகக் கொண்டுபோய் மெல்ல இறக்கினான். “ஏன்க்கா, இதை மொதல்லயே சொல்லக் கூடாதா?”

“எப்படிய்யா சொல்லுவேன்? பிள்ளை பெறப் போறவளை விட்டுட்டு நான் ஜெயிலுக்கா போக? நாளைக்கே மருந்தை எடுத்து, தந்தவுககிட்டயே திருப்பிக் குடுத்துருதேன். இனி இந்த வேலையவே தொட மாட்டேன், இருக்கன்குடி மாரியாத்தா மேல சத்தியம்.” அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “நீயும் ஒருத்தி பெத்த பிள்ளை. தெரிஞ்சே உன்னைய நெருப்புல தள்ள மனசு வரலய்யா. யாருகிட்டயும் சொல்லிராத.”

அவள் நீட்டிய செம்புத் தண்ணீரை வாங்கி ஒரே மடக்கில் குடித்தான்.

“நீங்க நல்லாருக்கணும்க்கா” என்றான்.

அப்பாடா என்றிருந்தது முத்துப்பேச்சிக்கு. தங்கமான பிள்ளை, எந்த மகராசி பெற்றாளோ என்று நினைத்துக்கொண்டே, மகளைப் பார்க்க உள்ளே போனாள்.

இன்பராஜ் சுவர் ஓரமாக நகர்ந்து, சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்தான்.

“மேடம், ஜீப்பை எடுத்துட்டு வாங்க. டிஷ்ஷுக்கு அடியிலதான் இருக்கு.”